கேபிள் பழகும் வரை

பல் டாக்டர் அன்றைக்கு மறுபடியும் போன் பண்ணினார். காலையில்தான் பேசியிருந்தார். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, நல்லா கேட்டுட்டுதான் சொல்றேன். சத்தம் இன்னும் மூடிக்கிட்டே இருக்கு. யாரோ போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரி இருக்கு."

அண்ணி போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு பார்சலின் மேல் ஒட்டிய டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். கடைக்காரரின் மனைவி அவள். கடையில் வேலை செய்கிறவர்கள் அண்ணி என்று கூப்பிடப்போய், வாங்க வருகிறவர்களுக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். பெற்ற மகளைத் தவிர உலகத்துக்கே அண்ணி.

"கேபிளை மாட்டி எவ்வளவு நாளாச்சு டாக்டர்?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"அவ்வளவுதானா!" அண்ணி சிரித்தாள். குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டால் சிரிக்கிற சிரிப்பு. "ரெண்டு வாரத்துல எப்படி டாக்டர்? புதுசு இல்லையா? இன்னும் பழகல. நீங்க உட்கார்ந்து கேட்கணும்னுகூட இல்ல, அது பாட்டுக்கு ஓடட்டும். ராப்பகலா ஓடட்டும். பழகப் பழக தானா திறந்துக்கும். நடுவுல மட்டும் கழட்டிடாதீங்க."

"கழட்டினா?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"ஐயையோ," என்றார் பல் டாக்டர். ஊரார் வாய்க்குள் துளை போடுகிற மனுஷன், ஒரு ஒயரைக் கழற்றப் பயந்துகொண்டு போனை வைத்தார்.

இப்படிப்பட்ட கடை அது. ஸ்பீக்கர் விற்பார்கள், ஆம்ப்ளிஃபயர் விற்பார்கள். ஆனால் அடுப்பு எரிவது என்னவோ இரண்டையும் இணைக்கிற கேபிளால்தான். கை நீளத்துக்கு ஒரு ஒயர். அதற்கு வெல்வெட் வைத்த பெட்டி, பெட்டிக்கு ஒரு பட்டு நாடா. சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒயரின் மேல் அம்புக்குறி வேறு. தலைகீழாக மாட்டினால் பாட்டுக்காரன் பின்னாலிருந்து முன்னால் பாடுவான் போலிருக்கிறது! விலையைச் சொன்னால் நகைக்கடைக்காரனே ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துப் பிடிப்பான். அதையும் வாங்கிப் போகிறார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலியில் உட்காருகிறவர்கள். வாங்கிப் போய் மாட்டி, கண்ணை மூடிக் கேட்டு, ஒன்றுமே மாறவில்லை என்று தெரிந்ததும் போன் பண்ணுகிறார்கள். அந்த போனை எடுப்பதுதான் அண்ணியின் வேலை. அவள் குரல் அப்படி. எரிந்துகொண்டு கூப்பிடுகிறவன் தணிந்து போனை வைப்பான்.

கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதற்குப் பழக்கும் அறை என்று பெயர். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரில் பத்துப் பன்னிரண்டு கேபிள்களைக் கோத்து, ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ மாதிரி உஸ்ஸென்ற இரைச்சலை அதற்குள் விட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் வைத்துப் பழக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையே பழக்கித் தரும், அதற்குத் தனிக் கூலி. அந்த இரைச்சல் அண்ணியின் மேஜை வரைக்கும் கேட்கும். ஆரம்பத்தில் தலைவலி வந்தது. இப்போதெல்லாம் கரண்ட் போய் அது நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டான். "சார், உள்ள இருக்கறது செம்புதானே? செம்பு என்ன சார் பழகும்?"

கடைக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. "கேபிள் எங்கடா பழகும்? காது பழகும். மனுஷன் காது இருக்கே, அதை எதுல வேணா பழக்கலாம். முதல்ல உறுத்தும். கத்துவான். அப்புறம் முனகுவான். அப்புறம் முன்னாடி எப்படி இருந்ததுன்னே மறந்து போயிடும். திருப்பிக் குடுக்க நாம குடுக்கற கெடு ஒரு மாசம். பழகறதுக்கு நாம சொல்ற கணக்கு மூணு மாசம். புரியுதா?"

டெக்னீஷியனுக்குப் புரிந்தது. அண்ணிக்கு அது எப்போதோ புரிந்த விஷயம். காதில் பூச்சுற்றுகிற தொழில்தான், அதனால் என்ன, ஏமாறுகிறவன் யாரும் சோற்றுக்கு இல்லாதவன் இல்லையே என்று ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பல் டாக்டர் வைத்த கையோடு போன் மறுபடியும் அடித்தது. அண்ணி அதே தோளில் அதே மாதிரி இடுக்கிக்கொண்டாள். கை அடுத்த பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நான்தான்."

மகள். ஒரே மகள். படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொல்லும்மா. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மொட்டை மாடியில துணி காயப்போட வந்தேன். அதான் மெதுவா பேசறேன்." சொல்லிவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "அம்மா, இங்க பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்லம்மா."

"ரிப்பேரா?"

"இல்லம்மா. நான் வந்த ரெண்டாம் நாள் அவரே ஸ்க்ரூ டிரைவர் வெச்சு கழட்டிட்டாரு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. கதவை சாத்தவும் கூடாதாம். சாத்தினா வந்து திறந்து விடறாரு. அவர் மட்டும்னா கூட... அத்தையும் வராங்கம்மா. நான் குளிக்கும்போது வந்து நின்னுக்கிட்டு, காய் என்ன வாங்கறதுன்னு கேட்கறாங்க. எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்மா."

அண்ணி பார்சலிலிருந்து கையை எடுக்கவில்லை. இதுதான் பிறகு அவளுக்கு நினைக்க நினைக்கக் குமட்டியது. கை பாட்டுக்கு டேப்பை உரித்துக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்குப் பேசியது.

"அவ்வளவுதானா!" என்று சிரித்தாள். "புதுசு இல்லையாம்மா? அங்க போய் எவ்வளவு நாளாச்சு உனக்கு? ஒவ்வொரு வீட்டுல ஒவ்வொரு மாதிரி இருப்பாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். பழகப் பழக சரியாயிடும். நடுவுல நீ ஏதாவது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு பிரச்சினை பண்ணிடாதே."

அண்ணி டேப்பை முழுசாக உரித்து எடுத்தாள்.

"பாப்பா?"

"சரிம்மா," என்றாள் மகள். வைத்துவிட்டாள்.

அடுத்து ஒரு வக்கீல் கூப்பிட்டார். அவருக்குப் புது கேபிளில் தாளம் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறதாம். அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "அவ்வளவுதானா! புதுசு இல்லையா சார், அது பாட்டுக்கு..." என்று வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். வக்கீல் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். வாய்க்குள் செத்த பல்லி விழுந்த மாதிரி இருந்தது. சீ! என்ன வாய் இது! பெற்ற பெண்ணுக்கும் ஒயர் வாங்கினவனுக்கும் ஒரே பதிலா?

எழுந்து போய் முகம் கழுவினாள். வாயையும் கொப்பளித்தாள்.

ராத்திரி வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. கடையிலேயே, ஷோரூம் கண்ணாடிக் கதவை சாத்திவிட்டுக் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு ஸ்பீக்கரை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை.

"தாழ்ப்பாளா?" என்றார். "நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். அடிச்சானா?"

"இல்ல."

"குடிக்கறானா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன? தங்கமான பையன். வாசல்ல செருப்பைக்கூட வரிசையா விடறான். ஆசையில சின்னப் பசங்க ஏதோ பண்றாங்க. இதைப் போய் அப்பன்கிட்ட சொல்ல வந்துட்டே!"

"அவ மாமியார் வந்து நிக்கறாளாம். இதுல என்னங்க ஆசை?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு நொடி அவர் முகத்திலும் ஏதோ ஒன்று ஓடியதை அண்ணி பார்த்தாள். இப்போது எழுந்திருப்பார், சட்டையை மாட்டுவார், வா போகலாம் என்பார் என்று நினைத்தாள். அவர் துணியை உதறி நான்காக மடித்தார்.

"இங்க பாரு. புது இடம். முதல்ல உறுத்தத்தான் செய்யும். ஒரு மூணு மாசம் ஓடட்டும். நாம இப்பவே போய் நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? எல்லாம் பழகிடும்." சொல்லிவிட்டுக் கையை அப்படி ஒரு வீசு வீசினார். கல்லாவில் நின்று எத்தனையோ பேருக்கு வீசிய அதே வீச்சு. அதே கனிவு, அதே தலை சாய்ப்பு.

அண்ணிக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்தக் கைக்கா இத்தனை வருஷம் சோறு போட்டேன் என்று இருந்தது. ஆனால் என்ன சொல்வாள்? கொஞ்சம் முன்னால் அவளும் இதைத்தானே சொன்னாள்? பின்னறையில் உஸ்ஸென்ற இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அது காதைக் குடைந்தது.

மறுநாள் அவளே மகளுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது சம்பந்தியம்மா.

"அடடே, நீங்களா! பாப்பா குளிச்சுக்கிட்டு இருக்கா. இருங்க இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க."

தண்ணீர் விழுகிற சத்தம் பக்கத்திலேயே கேட்டது. அடுத்த அறையிலிருந்து வருகிற சத்தம் இல்லை அது. போனைப் பிடித்திருக்கிற கையில் தண்ணீர் தெறிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் கேட்கிற சத்தம்.

"சம்பந்தி, அவ குளிச்சுட்டு வரட்டும். நீங்க கொஞ்சம் வெளிய வாங்களேன்."

"அட, நமக்குள்ள என்ன கூச்சம்! இவ ஒருத்தி, முதல்ல எல்லாம் துண்டைச் சுத்திக்கிட்டு மூலையில போய் நிப்பா. எனக்கு ஒரே சிரிப்பு. ஏம்மா, உங்கம்மா லைன்ல இருக்காங்க, பேசு."

"நல்லா இருக்கேம்மா." தண்ணீருக்கு நடுவிலிருந்து மகளின் குரல் வந்தது. "சாப்பிட்டியாம்மா?"

த்தூ! அண்ணி போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கருமம் பிடித்த பொம்பளை! அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. கடைக்காரரிடம் மறுபடியும் சண்டை போட்டாள். அவர் மறுபடியும் மூணு மாதம் என்றார். நான் மட்டும் போகிறேன் என்றாள். "போய்? போய் என்ன கேட்பே? உங்க பாத்ரூமைக் காட்டுங்கன்னு கேட்பியா? வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்றார். அந்த இடத்தில் அவள் மடங்கிப்போனாள். எப்படிக் கேட்பது, எந்த வார்த்தையை வைத்துக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று நாள் ஓடியது. கடை போனை அவள் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். பழகிடும் என்று சொல்லும்போதெல்லாம் நாக்கு கூசியது. கூசக் கூசச் சொன்னாள்.

மகள் அதற்குப் பிறகு தாழ்ப்பாள் பேச்சை எடுக்கவே இல்லை. அண்ணியே ஒருநாள் கேட்டாள். "அந்த விஷயம் என்னம்மா ஆச்சு?"

"எந்த விஷயம்?"

"அதான், கதவு."

"ஓ, அதுவா!" மகள் சிரித்தாள். நல்ல, சாதாரணமான சிரிப்பு. "பழகிடுச்சும்மா. இப்ப ஒண்ணும் தெரியல."

கடைக்காரரிடம் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? நான் சொன்னேனா இல்லையா? நீதான் குதிகுதின்னு குதிச்சே!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். அண்ணி எழுந்து உள்ளே போனாள். கேபிள் திறந்துகொண்டது அண்ணி, இப்போது பிரமாதமாக இருக்கிறது என்று எத்தனை பேர் அவளிடம் போனில் உருகியிருக்கிறார்கள்! அந்த போன்கள் வரும்போதெல்லாம் கேபிளில் ஒரு மண்ணும் மாறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மாறியது எது என்றும் தெரியும்.

ஒரு விடுமுறை நாளில் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல பாட்டு கேட்கிற பழக்கம் உண்டு என்று கடைக்காரர் முந்தின நாளே கடையிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தார். அதோடு விட்டாரா? அதே சாக்கில் பல் டாக்டரையும் கூப்பிட்டுவிட்டார். அவர் அடுத்த கேபிளுக்கு மாறுகிற யோசனையில் இருந்தார், வீட்டுச் சூழ்நிலையில் கேட்டால் விழுந்துவிடுவார் என்று ஒரு கணக்கு. பெண் வீட்டுக்கு வருகிற நாளிலும் வியாபாரம்.

பாப்பா இளைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அழுத கண்ணும் இல்லை. எல்லாரிடமும் சிரித்துப் பேசினாள். ஆனால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் முன்பும் மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனாள். மாப்பிள்ளை மெதுவாகத் தலையை ஆட்டுவார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து ஆண்கள் மூன்று பேரும் ஸ்பீக்கர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏதோ ஒரு வயலின் ஓடியது. பல் டாக்டர் கண்ணை மூடித் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாடி பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார்.

"மேல்ஸ்தாயி கொஞ்சம் இறுக்கமா இருக்கே?"

"புது கேபிள் டாக்டர். பழகட்டும்," என்றார் கடைக்காரர்.

பாப்பா காபி எடுத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டபோது தட்டில் இடித்து, ஒரு டம்ளர் அவள் புடவை மேல் சாய்ந்தது. "ஐயோ, சுட்டுடுச்சா?" என்று பதறி எழுந்தார் மாப்பிள்ளை. நல்ல பதற்றம்தான், குறை சொல்ல முடியாது. பாப்பா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கொடியிலிருந்து ஒரு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

அந்த வீட்டில் கூடத்திலிருந்து ஒரு குட்டி நடை. நடையின் கோடியில் குளியலறை. கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தால் அதன் கதவு நேராகத் தெரியும். பல் டாக்டர்தான் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணி தரையில் கொட்டியதைத் துடைக்கத் துணியோடு வந்தாள். குனியும்போது பல் டாக்டரைப் பார்த்தாள். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. அண்ணி திரும்பிப் பார்த்தாள். குளியலறைக் கதவு பாதிக்கு மேல் திறந்திருந்தது. உள்ளே பாப்பா முதுகைக் காட்டிக்கொண்டு, நனைந்த புடவையை முழுசாக அவிழ்த்துப் போட்டுவிட்டு நிதானமாகப் பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் மூன்று ஆண்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். அவள்தானே காபி கொண்டுவந்து கொடுத்தாள்!

அண்ணி ஓடினாள். கதவின் பிடியைப் பற்றி டமாரென்று இழுத்து சாத்தினாள்.

உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது.

"நான் சாத்தல அத்தே! சத்தியமா நான் சாத்தல! காத்துல சாத்திக்கிச்சு அத்தே!"

ஈரக்கை உள்பக்கம் தடதடவென்று கதவைத் தேடியது. கதவு திறந்துகொண்டது. பாப்பா அரைகுறையாக நின்றாள், கண் இரண்டும் பிதுங்கியிருந்தது. எதிரில் நிற்பது மாமியார் இல்லை, தன் அம்மா என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்த பிறகும் கை கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டிருந்தது.

கூடத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. வயலின் ஓர் இழுவையை முடித்து ஓய்ந்திருந்த நேரம் அது, கேட்காமல் போக வழியே இல்லை. அண்ணி புருஷனைப் பார்த்தாள். பெற்ற தகப்பன். மகள் அப்படி ஒரு குரல் எழுப்பி அவர் கேட்டதில்லை. அவர் எழுந்தார். எழுந்து என்ன பண்ணினார்? ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய்ச் சத்தத்தைக் கூட்டினார்!

"ஒண்ணுமில்ல டாக்டர், ஒண்ணுமில்ல. நீங்க இந்த இடத்தைக் கேளுங்க," என்றார்.

அண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது. சாக்கடையில் இறங்கினால்கூட அப்படி இருந்திருக்காது. இந்த மனுஷனோடு ஒரே பாயில் படுத்தோமே என்று தன் தோலையே உரித்துப் போட வேண்டும் போலிருந்தது. மகள் மேல் புடவையைச் சுற்றிவிட்டு, கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சேர்த்துவிட்டு, விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் கைவிட்டு, வெல்வெட் பெட்டியிலிருந்து வந்த அந்த ஒயரை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை, நீங்க கிளம்புங்க. அவ வர மாட்டா."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. சிரித்தார். "என்ன அத்தை, சின்ன விஷயத்துக்குப் போய்! எங்க வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது, அவ்வளவுதான். அவளே இப்ப பழகிட்டா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். கேட்டுட்டுதான் சொல்றேன். அந்தப் பல்லை இன்னொரு தடவை என் வீட்டுக்குள்ள காட்டாதீங்க. எழுந்திருங்க!"

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கத்தினார். "டாக்டர் இருக்காரு. எதுக்கு அசிங்கம் பண்றே?"

"நான் பண்றதுதான் உங்களுக்கு அசிங்கமா தெரியுதா? உங்க பொண்ணு கதவைத் திறந்து போட்டு நின்னாளே, அது தெரியல?"

"மெதுவா பேசு. எல்லாத்துக்கும் கொஞ்சம் டைம் குடு. பழக..."

"சொன்னீங்க, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன்!"

பல் டாக்டர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன், சுவரையே பார்த்தபடி ஒரு காலில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டார். "நான் அப்புறம் வரேன், அந்த கேபிளைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்," என்று முனகினார்.

"அப்புறம் பேச ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் அண்ணி. கையில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒயர் பழகாது. எவ்வளவு நாள் ஓடவிட்டாலும் பழகாது. உங்க காதுதான் பழகுது. நீங்க திருப்பிக் குடுக்கற கெடு தாண்டற வரைக்கும் இழுக்கத்தான் நாங்க அப்படி சொல்றோம். நான் உங்ககிட்ட போன்ல சொன்னதெல்லாம் பச்சைப் பொய்."

அப்போதுதான் கடைக்காரரின் முகம் மாறியது. ரத்தம் சுண்டி, உதடு வெளுத்தது. மகளின் அலறலுக்கு அசையாத முகம்! "அடிப்பாவி," என்றார், "என் குடியைக் கெடுத்துட்டியே!" அண்ணி அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இனிமேல் அவள் அந்த மனுஷனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பல் டாக்டர் போனார். அவர் பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லக் கடைக்காரரும் தெருவுக்கு இறங்கினார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் காத்திருந்து, நடையைப் பார்த்து, "வரியா, இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டார். கதவு திறந்து பாப்பா ஒரு அடி வெளியே எடுத்து வைத்தாள். அண்ணி குறுக்கே போய் நின்றாள். மாப்பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டு, "ரெண்டு நாள்ல நீங்களே கொண்டாந்து விடுவீங்க," என்று சொல்லிப் போனார். அண்ணி வாசல் கதவை அவர் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள்.

வீடு அமைதியாக இருந்தது. பாப்பா உள்ளறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. மகள் இப்போது மடியில் விழுந்து அழுவாள், தேற்றலாம் என்று காத்திருந்தாள்.

பாப்பா அழவில்லை.

"இனிமே நீ எங்கயும் போக வேண்டாம்மா," என்றாள் அண்ணி. "ஏம்மா, இவ்வளவு கொடுமை நடந்திருக்கு, என்கிட்ட இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? ஓடி வந்திருப்பேனே!"

பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பழி சொல்கிற தொனிகூட இல்லை.

"உன்கிட்ட சொல்லணும்னுதாம்மா கூப்பிட்டேன். அன்னைக்கு நீ கடைக்கு போன் பண்றவங்ககிட்ட பேசற குரல்ல பேசினே. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். அதுல பேசினா திருப்பி எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்." கூந்தலை முடிந்து முடித்தாள். "அதான் பழகிக்கிட்டேன்."

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.